கட்டுகஸ்தோட்டையில் ஜேர்மன்

லோஜினியின் ஜேர்மன் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சாடைதான். இருபதைத் தாண்டியிருப்பார்கள், முப்பதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தாதி வேலையோ, முதியோர் இல்லமோ, ஹோட்டல் சமையலறையோ, எதுவானாலும் சரி, ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற ஒரே யோசனையில் இருப்பார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு எதிரே ஒரு போன் கடையின் மாடியில் சனி, ஞாயிறு காலைகளில் வகுப்பு. பஸ் ஹார்ன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே, அறுபதைக் கடந்த ஓர் அம்மாள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தச் செங்குத்தான படிகளில் ஏறி வந்து நின்றதும் லோஜினி இப்படித்தான் கேட்டாள்.

"யாருக்கு ஐயா சேரணும்? மகனுக்கா, மகளுக்கா?"

"அக்காவுக்குத்தான் மிஸ்," என்றார் சேதுராமன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். வகுப்பின் வெள்ளைப் பலகையை மாட்டிய ஆணிகூட அவர் கடையில் வாங்கியதுதான். "பாலாம்பிகைன்னு பேரு. இவ்வளவு காலமா வெளிநாட்டில இருந்தாங்க. இப்ப எங்ககூட."

"ஏற்கனவே கொஞ்சம் தெரியுமாம்மா?"

அந்த அம்மாள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். தமிழையே ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துப் பேசுகிறவள் போலிருந்தது. "முதல்ல இருந்து படிக்கணும்," என்றாள். "தெரியாதுன்னே வச்சுக்கங்க."

பின்வரிசையில், சுவரோரக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

முதல் பாடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. 'நான்' என்பதற்கு ஜேர்மனில் உள்ள சொல்லைப் புதிதாக வருகிற ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சிலர் 'இக்' என்பார்கள், சிலர் 'இஷ்' என்பார்கள். இரண்டுக்கும் நடுவில், நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே காற்றைக் கசியவிடுகிற அந்த ஒலியைப் பிடிக்க லோஜினிக்கே ஆறு மாதம் ஆனது. பாலாம்பிகையின் முறை வந்தது. அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். வகுப்பு சட்டென்று திரும்பிப் பார்த்தது. செய்தி வாசிக்கும் ஒரு ஜேர்மன்காரியின் வாயிலிருந்து வெட்டியெடுத்தது போல அத்தனை சுத்தமாக இருந்தது அது.

ஆனால் அந்த ஒரு சொல்தான். 'என் பெயர்' என்ற அடுத்த சொல் வரவில்லை. உதடு அசைந்தது, நெற்றி வேர்த்தது, கடைசியில் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குக் கம்பளை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது லோஜினிக்கு அதே யோசனை. சுற்றுலாக்காரர்களிடம் ஒரு சொல்லைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருப்பாளோ? ஒரு சொல்லை அப்படிப் பிடிக்கலாமா?

அடுத்தடுத்த வாரங்களில் விஷயம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் குழம்பியது. ஏழுக்கு என்ன சொல் என்று கேட்டால் பாலாம்பிகைக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்லி ஆரம்பித்துவிட்டால் இருபதுவரை தடையில்லாமல் ஓடுவாள். பெயர்ச்சொற்களின் பால் பாடம் வந்தது. ஜேர்மனில் கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. இதற்கு ஒரு நியாயமும் கிடையாது, மனப்பாடம் பண்ணத்தான் வேண்டும். வகுப்பு முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, லோஜினி எந்தச் சொல்லை வாசித்தாலும் பாலாம்பிகை மட்டும் கண்ணை மூடியபடி பாலைக் காட்டும் தேர், தீ, தாஸ் என்ற முன்சொல்லைச் சரியாக வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"நல்லதும்மா! சரி, இப்ப இதுல 'லொஃபல்'னா என்ன?" என்று கரண்டிக்கான சொல்லைக் கேட்டாள் லோஜினி.

பாலாம்பிகை கண்ணைத் திறந்தாள். "தெரியலை டீச்சர்."

"இப்பதானே ஆண்னு சொன்னீங்க?"

"ஆண்தான். அது தெரியுது. என்ன சாமான்னுதான் தெரியலை."

இடைவேளையில் பஸ்லினா பக்கத்தில் வந்தாள். தாதிப் பயிற்சிக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளை, வகுப்பிலேயே கெட்டிக்காரி. "மிஸ், எனக்கொரு சந்தேகம்," என்று கிசுகிசுத்தாள். "கண்டி டவுன்ல புதுசா ஒரு இன்ஸ்டிடியூட் தொடங்கியிருக்காங்களே. அவங்க அனுப்பின ஆளாயிருக்குமோ? நீங்க எப்படிப் படிச்சுக் குடுக்கிறீங்கன்னு பார்க்க?"

லோஜினி சிரித்துவிட்டாள். ஆனால் பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. கையில் இருப்பது ஒரு சோதனைச் சான்றிதழ் மட்டும். ஜேர்மனி மண்ணை மிதித்ததுமில்லை. ஒருமுறை விசாவுக்குப் போட்டு, மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களை அனுப்புவதையே தொழிலாக்கிக்கொண்டவள் அவள். யாராவது ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தொடங்கினால் மாடியைப் பூட்ட வேண்டியதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்லினாவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு யூடியூப் இணைப்பு வந்தது. கீழே, 'மிஸ், அல்லாஹ்வே, இதைப் பாருங்க' என்று மட்டும்.

ஒரு பெரிய மண்டபம். மேடையில் கட்டைமுடி வெட்டிய ஒரு பெண், கறுப்புக் கோட், அதற்குள்ளே காஞ்சிபுரம் கரை போட்ட துணியில் தைத்த சட்டை. கையை வீசி வீசிப் பேசுகிறாள், இடையிடையே மண்டபம் சிரிக்கிறது. கீழே பெயரும், கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஜேர்மன் மொழிப் பேராசிரியை என்ற பட்டமும். முகம் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்ததே தவிர, பாலாம்பிகையேதான். ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற உரை. லோஜினி காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டாள். பாதிதான் புரிந்தது. இவ்வளவு காலம் படிப்பித்த மொழி இப்படியெல்லாம் வளையுமா என்றிருந்தது. கூடவே கோபமும் வந்தது. இப்படிப்பட்ட ஆள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, கரண்டி என்றால் என்னவென்று தெரியாது என்று சொன்னால், அதற்குப் பேர் என்ன?

மறுநாள் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் இருங்க." போனை நீட்டினாள். "இது நீங்கதானே?"

பாலாம்பிகை திரையைப் பார்த்தாள். அது ஓடத் தொடங்கியதும் விரலால் நிறுத்திவிட்டாள்.

"நான்தான்."

"என்னைச் சோதிச்சுப் பார்க்கவா வந்தீங்க?"

"ஐயையோ, இல்ல டீச்சர்." அவள் உண்மையிலேயே பதறிப்போனாள். "உட்காருங்க. சொல்றேன். கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

இரண்டு வருஷத்துக்கு முன்னே ஒரு காலையில், கனடாவில் அவள் வீட்டுக் குளியலறையில் விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். பாரிசவாதம். "ஆஸ்பத்திரியில கண் முழிச்சப்ப நர்ஸ் என்னமோ கேட்டா. நான் தண்ணி குடுன்னேன். அவளுக்கு விளங்கலை. ஏன் இவளுக்கு விளங்கலைன்னு எனக்கு விளங்கலை. தமிழ்ல கேட்டிருக்கேன்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு. ஏன்னா வேற ஒண்ணுமே வரலை. கரண்ட் போன மாதிரி. தமிழ் ரூம்ல மட்டும் லைட் எரியுது."

"இங்கிலீஷ்?"

"அது பாதி வந்திச்சு. அதுக்கு அங்க பயிற்சி குடுத்தாங்க. ஜேர்மன் வேணும்னு கேட்டேன். முதல்ல இங்கிலீஷ் போதும்னுட்டாங்க. ஜேர்மனை எதுல இருந்து சொல்லித் தருவாங்க? அவங்களுக்கு இங்கிலீஷ்ல இருந்துதான் தரத் தெரியும். எனக்கு இங்கிலீஷே நொண்டுது." பாலாம்பிகை வெளியே பாலத்தைப் பார்த்தாள். "சேது ஒரு நாள் போன்ல பேசினப்ப, பாலத்துக்கு மறுபக்கம் ஒரு மாடியில தமிழ்ல ஜேர்மன் படிச்சுக் குடுக்கிறாங்கன்னு சும்மா ஒரு புதினமாச் சொன்னான். நான் டிக்கெட் போடுன்னு சொல்லிட்டேன்."

லோஜினி போனைப் பைக்குள் வைத்தாள். கோபம் போன இடத்தில் ஆயிரம் கேள்விகள் முளைத்தன. முதலாவது கேள்வியைக் கேட்டுவிட்டாள். "நீங்க முதல்ல எப்படிம்மா படிச்சீங்க?"

அந்தக் கதை ஒரே நாளில் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்ததும், சேதுராமன் வந்து கூட்டிப்போகும்வரை, துண்டு துண்டாக வந்தது. எண்பத்திமூன்றுக் கலவரத்தில் கண்டி டவுனில் அப்பாவின் துணிக்கடை எரிந்தது. அடுத்த வருஷம், இருபத்திரண்டு வயதில், ஒன்றுவிட்ட அண்ணனோடு விமானம் ஏறினாள். மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், அங்கிருந்து ஒரு ரயிலில் மேற்கு. அகதி முகாம். வேலை செய்ய அனுமதியில்லாத காலத்தில் ஒரு ஹோட்டலின் பின்பக்கச் சமையலறையில் களவாகப் பாத்திரம் கழுவினாள்.

"யாரும் சொல்லித் தரலை. திட்டு வாங்கித்தான் படிச்சேன். திட்டுல இலக்கணம் ரொம்ப ஒழுங்கா இருக்கும், தெரியுமா?"

பிறகு இரவுப் பள்ளிக்கூடம். எதற்காக ஜேர்மன் இலக்கியம் எடுத்தாள் என்று லோஜினி கேட்டாள். எஞ்சினியரிங், கணக்கு என்று சோறு போடுகிற படிப்பு எவ்வளவோ இருந்ததே?

"அண்ணனும் இதைத்தான் கேட்டாரு. எனக்கு அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்திச்சு. பேசறது மட்டுமில்ல, பேசாம விடுறதும். அதான்."

பட்டம், ஆராய்ச்சி, பிறகு கனடாவில் வேலை. அங்கே முதல் நாள் வகுப்புக்குள் அவள் நுழைந்தால், பிள்ளைகள் எழுந்து போய்க் கதவிலிருக்கிற இலக்கத்தைப் பார்ப்பார்களாம், அறை மாறி வந்துவிட்டோமோ என்று. ஒவ்வொரு வருஷமும் இது நடந்தது. கடைசிக் காலத்தில் அவளே உள்ளே வந்ததும், "ரூம் சரிதான், உட்காருங்க" என்று ஜேர்மனில் சொல்லித்தான் தொடங்குவாளாம். கல்யாணம் ஒன்று நடந்து, சண்டையில்லாமல் முடிந்தும்போனது. பிள்ளை இல்லை.

"அந்த வீடியோவைப் பார்க்கவே இல்லையாம்மா நீங்க?" என்று ஒரு நாள் லோஜினி கேட்டாள்.

"பயம்."

"அதுல என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"யோசனை எல்லாம் இருக்கு. சொல்தான் இல்ல." பிறகு அவளே கேட்டாள். "உனக்கு விளங்கிச்சா? நான் என்ன சொல்றேன் அதுல?" நீ என்று அவள் லோஜினியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பாதிதான். வேணும்னா நான் தமிழ்ல மாத்திச் சொல்லட்டுமா? கொஞ்சம் கொஞ்சமா?"

இப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. சேதுராமன் வீட்டு முன்னறையில், ஞாயிறு மத்தியானங்களில், அவர் மனைவி கஜலட்சுமி பரிமாறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். லோஜினி ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு நிறுத்துவாள். அகராதியைப் பார்ப்பாள். தமிழில் சொல்வாள். பாலாம்பிகை திரையைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டபடி தலையசைப்பாள். யாரோ ஒரு கெட்டிக்காரப் பெண் பேசுவதைக் கேட்பது போலத்தான் இருக்கும் அவள் முகம்.

உரை, ஜேர்மன் வாக்கியங்களைப் பற்றியது. அந்த மொழியில் சில வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். மற்ற ஐரோப்பியர்கள் இதைச் சொல்லி அழுவார்கள். தமிழச்சியான தனக்கு இதில் ஒரு கஷ்டமுமில்லை, பிறந்ததிலிருந்து வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பேசியவள் என்று மேடையில் நின்றவள் சொன்னாள். அந்த இடத்தில் மண்டபம் சிரித்தது. கட்டுகஸ்தோட்டையில் லோஜினியும் சிரித்தாள். இதையேதான் அவளும் தன் வகுப்பில் சொல்வாள், 'நம்ம தமிழ் மாதிரியே, கடைசியில போடுங்க' என்று.

சண்டை வந்தது நான்காவதோ ஐந்தாவதோ வாரத்தில்.

"அதனால, கேட்கிறவன் வினைச்சொல்லுக்காகக் காத்திருக்கிறான்," என்று மொழிபெயர்த்தாள் லோஜினி.

"அப்படியா சொல்றேன்?"

"ஆமாம்மா."

"அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

"வீடியோவில இருக்கேம்மா. காத்திருக்கிறான்."

"காத்திருக்கிறதுன்னா பஸ்ஸுக்கு நிக்கிறது. அது வரலாம், வராம போகலாம். நான் அதைச் சொல்லலை. அப்படிச் சொல்ல நான் என்ன மடைச்சியா?"

லோஜினி திரும்ப ஓடவிட்டாள். அவளுக்கு அதே சொல்தான் கேட்டது. "இதோ, நீங்களே கேளுங்க. காத்திருக்கிறான்னுதான்…"

பாலாம்பிகை இடது கையால் மேசையில் அடித்தாள். "நைன்! நிஷ்ட் வார்டன்! ஏர்வார்டன்! ஏர்-வார்டன்!"

அடுப்படியிலிருந்து கஜலட்சுமி எட்டிப் பார்த்தாள். லோஜினி இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். இரண்டு விஷயம் விளங்கியது. முதலாவது, அந்த அம்மாள் சொன்னது சரி. முன்னால் 'ஏர்' என்ற ஒரு சின்ன அசை. அதைக் கவனிக்காமல் விட்டதில் எதிர்பார்ப்பது காத்திருப்பதாக மாறிப்போயிருந்தது. கேட்கிறவன் சும்மா நிற்பதில்லை. என்ன சொல் வரப்போகிறது என்று முன்கூட்டியே பாதி ஊகித்துவிடுகிறான், அதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். இரண்டாவது, யாரும் கேட்காமல், எதையும் பார்க்காமல், இந்த அம்மாள் வாயிலிருந்து தானாக வந்த முதல் ஜேர்மன் இது.

"திரும்பச் சொல்லுங்கம்மா!"

பாலாம்பிகை வாயைத் திறந்தாள். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், கண்ணில் நீர் வரும்வரை. "கோபம் வந்தாத்தான் வரும்போல. நீ இன்னும் கொஞ்சம் தப்பாச் சொல்லு."

வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தார்கள். அது பலிக்கவில்லை. தற்செயலான தப்புகள்தான் வேலை செய்தன. அதற்கு லோஜினியிடம் குறைவே இல்லை. ஒவ்வொரு வாரமும் எங்காவது ஓரிடத்தில் பாலாம்பிகை பொறுமையிழந்து ஒரு சொல்லை, சில சமயம் அரை வாக்கியத்தை வீசுவாள். வீசியதில் சில மறுவாரமும் அவளிடம் இருக்கும், சில போய்விடும். ஏன் இது தங்குகிறது, ஏன் அது போகிறது என்று இருவரும் ஆராய்ந்து பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. சமையலறைச் சாமான்களின் பெயர்கள் சீக்கிரம் வந்தன. கரண்டி வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதுகிற பெரிய சொற்கள் வரவே இல்லை.

வருஷக் கடைசியில் வகுப்போடு சேர்ந்து அவளும் கொழும்புக்குப் போய் ஆரம்பநிலைச் சோதனை எழுதினாள். பேச்சுச் சோதனையில், ஏன் ஜேர்மன் படிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் வேலைக்காக என்றார்கள். பாலாம்பிகை, "ஏன்னா அது என்னோடது" என்று வினைச்சொல்லை ஒழுங்காகக் கடைசியில் வைத்துச் சொன்னாளாம். சோதிக்க வந்தவருக்கு விளங்கவில்லை. கேள்வி அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைத்து, கேள்வியை இன்னும் மெதுவாகத் திரும்பக் கேட்டாராம். பஸ்லினா மிக உயர்ந்த புள்ளியில் தேறினாள். பாலாம்பிகையும் தேறினாள், வகுப்பிலேயே ஆகக் கடைசியாக.

"முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவ," என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னாள். "எனக்கு நானே திருத்தியிருந்தா பெயிலாக்கியிருப்பேன்."

இனி ஒரு மண்டபத்தில் நின்று பேசப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒரு தடவை சொன்னாள், அழவில்லை, இரண்டாம் தடவை சொல்லவுமில்லை. கனடா வீட்டை விற்கச் சொல்லிவிட்டாள். அடுத்த நிலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள், அதே சுவரோரக் கதிரை. லோஜினி மறுபடி விசாவுக்குப் போட்டாள். அது வரும்போது வரட்டும் என்று இம்முறை நகத்தைக் கடிக்காமல் இருந்தாள், ஏனென்றால் உரை இன்னும் முடியவில்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் மத்தியானம் அது முடிகிற இடத்துக்கு வந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் சபையிலிருந்து ஒரு வயதானவர் எழுந்து கேட்டார். உங்களுக்கு விளங்கிய முதலாவது ஜேர்மன் சொல் எது?

லோஜினி சட்டென்று நிறுத்தினாள். மேடையிலிருந்தவள் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் லோஜினி இந்தப் பக்கம் திரும்பி. "ஜேர்மன்லயே."

பாலாம்பிகை திரையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நஸ்," என்றாள். ஈரம். பிறகு, பிழையான விகுதிகளோடு, சொல் இல்லாத இடங்களில் தமிழை நட்டு நட்டுச் சொல்லிக்கொண்டு போனாள். ஹோட்டல் சமையலறை. வேலைக்குப் போன முதல் நாள். தரையெல்லாம் சவர்க்காரத் தண்ணீர். அவள் கையில் தட்டுகள், கூரைவரை அடுக்கினது போல. அந்தப் பக்கம் ஒரு துருக்கிப் பெண், பெரிய உடம்பு, கொதிக்கிற அண்டாவோடு வருகிறாள். வந்தவள், நஸ், நஸ் என்று கத்தினாள். "அர்த்தம் தெரியாது. கால் நின்னுருச்சு. காதுக்கு முந்திக் காலுக்கு விளங்கிருச்சு."

"இப்ப பார்ப்போம்," என்று லோஜினி மறுபடி ஓடவிட்டாள்.

மேடையிலிருந்தவள் சிரித்தாள். முதலாவது சொல் 'நன்றி' என்றாள். ரயில் நிலையத்தில் ஒரு முதியவர் தவறவிட்ட தொப்பியை எடுத்துக் கொடுத்தாளாம், அவர் குனிந்து வணங்கி அந்தச் சொல்லைச் சொன்னாராம். மண்டபம் உருகிப்போய்க் கைதட்டியது.

பாலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டாள். "பொய்! அப்படி ஒரு தொப்பியும் கிடையாது, கிழவனும் கிடையாது."

"பின்ன ஏன்மா?"

"எங்க போனாலும் கேப்பாங்க இதை. கேக்கிறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணைச் செஞ்சு வச்சிருந்தேன். சொல்லிச் சொல்லி, எனக்கே அதுதான் ஞாபகம் ஆகிப்போச்சு. நஸ் இப்பதான் வந்திச்சு, இவ்வளவு காலத்துக்கு அப்புறம்."

லோஜினி மடிக்கணினியை மூடினாள். கம்பளைக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க எழுந்தவள், கதவடியில் நின்றாள்.

"அந்தத் துருக்கி அம்மாவோட பேர் என்னம்மா?"

"பேரா?" பாலாம்பிகை கதிரையில் சாய்ந்தாள். "இரு. பெரிய கை. சிவப்புத் துணி கட்டியிருப்பா தலையில. மத்தியானத்துல எனக்கு ரொட்டி ஒளிச்சு வச்சுத் தருவா. இரு, இரு, சொல்றேன்."

லோஜினி பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள்.